வேடியப்பனுக்கு எனாமல் வேண்டாம்

ஒரு லிட்டர் எனாமல் டப்பா வாங்கினால் ஏழெட்டு நடுகல்லுக்குக் காணும். வீர மரணம் அடைந்தவனுக்காக அவன் உருவத்தைச் செதுக்கி நட்ட கல்தான் நடுகல்; ஊரார் அதை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். ஆடி பிறப்பதற்கு முன்னால் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்ப்புறங்களில் கோயில் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், பெரும்பாலும் வேடியப்பன் மேல்தான் போய்ச் சேர்கிறது. வீரனின் இடைக்கச்சைக்கு மஞ்சள், உடம்புக்கு ரோஸ், மீசைக்குக் கறுப்பு, பின்னால் காலியாகத் தெரியும் இடம் முழுக்க நீலம். காலியாகத் தெரியும் அந்த இடத்தில்தான் எழுத்து இருக்கும்.

அடித்தவர்களுக்குக் கல்மேல் பகை எதுவும் இல்லை. சாமி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் சிதைவதைப் பார்த்தால், கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லைவிடக் கும்பிடப்படும் கல்லுக்குத்தான் பெயின்டும் சிமென்டும் டைல்ஸும் வந்து சேர்கின்றன. அதே சமயம், கும்பிடுகிறவர்கள் இருப்பதால்தான் கல் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. இல்லையென்றால் குவாரி லாரியிலோ வாய்க்கால் பாலத்திலோ போயிருக்கும். எனவே ஊரில் நாலு பேர் சேர்ந்து நடுகல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பினால், முதலில் பேச வேண்டியது பூசாரியிடம். பிரஷ்ஷும் பக்கெட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

நடுகல் வழிபாடு இங்கே நேற்று முளைத்ததல்ல. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அந்தத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கிறார்கள். அதை அவன் ஏற்றுக்கொள்வானோ என்று கேட்கிறார். பீலி காய்ந்து உதிர்ந்துவிடும், கள் வழிந்து மண்ணில் போய்விடும், இரண்டாலும் கல்லுக்குக் கேடில்லை. எனாமல் அப்படி இல்லை. உரித்தால் கல்லின் மேல்தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். உரிக்காமல் விட்டால் அடியில் ஈரம் தங்கிக் கொப்பளிக்கும். கொப்பளித்த இடத்தை மூட அடுத்த வருஷம் இன்னொரு பூச்சு. ஐந்தாறு பூச்சுக்குப் பிறகு எழுத்தின் பள்ளமே நிரவிப் போய்விடும்.

கல்லைத் தேடுவதற்கு "நடுகல் எங்கே இருக்குது?" என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் கையை விரிப்பார்கள். அந்தச் சொல் புத்தகத்தில் இருக்கிறது, ஊர் வாயில் இல்லை. "பெரியவரே, இங்க வேடியப்பன் கல்லு இருக்குதுங்களா? வீரக்காரன்? மாலைக்கோயில்? புலிகுத்திக் கல்லு?" என்று கேட்டால் ஏரிக்கரையைக் காட்டுவார்கள். கல் நிற்கும் இடமும் ஓரளவு ஊகிக்கக்கூடியதே. ஏரிக்கரை, ஊர் எல்லை, பழைய மாட்டு வழி, பெரிய மரத்தடி. மரம் அனேகமாகத் துரிஞ்சி, வேம்பு, ஆல், புளி. துரிஞ்சி என்றால் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் அரைக்கிற அதே மரம்தான். உசிலை என்றும் சொல்வார்கள். இந்த மரங்களும் சாமி மரம் என்பதால்தான் வெட்டுப்படாமல் நிற்கின்றன. மரத்தைச் சுற்றி அரை ஏக்கரோ கால் ஏக்கரோ புதர்க்காடு மிஞ்சியிருக்கும். கல்லைப் பதிவு செய்யப் போகிறவர்கள் அந்த மரங்களையும் பெயர், சுற்றளவோடு எழுதி வைப்பது நல்லது. கல்லுக்குக் கொட்டகை போடுகிறோம் என்று மரத்தை அறுத்துவிட்டு, வெயிலில் காயும் கல்லுக்குத் தகரக் கூரை வேய்வதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

கும்பிடப்படாத கற்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். வாய்க்காலின் குறுக்கே பாலம், மதகின் மூடுகல், குளத்தங்கரையில் துவைக்கிற கல், மாட்டுக் கொட்டகையின் வாசற்படி. செதுக்கிய பக்கம் கீழே இருந்தால் அது அதிர்ஷ்டம். மேலே இருந்தால் வீரன் முகம் சோப்பிலேயே தேய்ந்திருக்கும். ஏரியில் வண்டல் எடுக்கும்போதும், கரையில் சீமைக்கருவேலம் பிடுங்கும்போதும் உடைவது இந்தக் கற்கள்தான். ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் கரையை ஒரு முறை நடந்து பார்த்து, கல் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பால் தரையில் வட்டம் போட்டு (கல்லின் மேல் அல்ல), ஆபரேட்டர் தம்பியிடம் நேரில் காட்டிவிட்டு வந்தால் போதும். டெண்டர் எடுத்தவரிடம் சொன்னதெல்லாம் ஆபரேட்டர் காதுக்குப் போவதில்லை.

இனி பதிவு. ஊர்க் குழு ஒன்று ஒரு நடுகல்லுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுவே. கல் நாளைக்கு உடைந்தாலும், பெயின்டில் மூழ்கினாலும், பதிவு இருந்தால் பாதி மிஞ்சும். ஒரு கல்லுக்கு ஒரு தாள். ஊர், வட்டம், புல எண், ஊரார் சொல்லும் பெயர், எந்தத் திசை பார்க்கிறது, தரைக்கு மேல் உயரம், அகலம், கனம். வீரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், கொண்டை எந்தப் பக்கம், எந்தக் கையில் என்ன ஆயுதம், உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, எத்தனை. காலருகே மாடு உண்டா? சிமிழ், கெண்டி போன்ற சிறு உருவங்கள் உண்டா? எழுத்து எத்தனை வரி, எந்த இடத்தில் தொடங்குகிறது. ஏற்கெனவே உள்ள வெடிப்பு, உடைவு. கடைசியாக, யார் எப்போது பூசை செய்கிறார்கள். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெயின்ட் எப்போது வரும் என்பதற்கு இருக்கிற ஒரே முன்னறிவிப்பு அதுதான்.

இடத்தைப் போனில் குறிக்கும்போது தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். அது ஏறக்குறைய ஒரு மீட்டர். போனின் பிழையே ஐந்து முதல் பத்து மீட்டர் வரை போகும். அந்த எண்ணைப் பேஸ்புக்கில் போட வேண்டாம். புதையல் தோண்டுகிறவர்களும் பேஸ்புக் பார்க்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் போன்ற இடங்களில் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்களைப் போய்ப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தங்கம் இருக்கும் என்று யாரோ ஒருவர் தோண்டும் ஒரு குழி, கீழேயுள்ள மண்ணடுக்கு மொத்தத்தையும் கலைத்துவிடும். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவிக்க முடிந்ததே, மண்ணடுக்கு கலையாமல் கிடைத்ததால்தான்.

படம் எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நேர் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. காலையில் கிழக்கு பார்த்த கல்லின் முன்னால் நின்று எடுத்தால் வெள்ளையாக ஒரு பலகை விழும், அவ்வளவுதான். அதே கல்லைப் பதினொன்று, பதினொன்றரைக்கு எடுத்துப் பாருங்கள். வெயில் மேலிருந்து கல்லை உரசிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு கீறலும் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். மேற்கு பார்த்த கல்லுக்குப் பிற்பகல் ஒரு மணி வாக்கில் இதே வெளிச்சம் வரும். வடக்கு பார்த்த கல் கொஞ்சம் படுத்தும். நம் பகுதி 12 பாகை வடக்கில் இருப்பதால், ஏறக்குறைய சித்திரை 10 முதல் ஆவணி முதல் வாரம் வரைதான் உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாயும். மார்கழியில் போய் வடக்கு பார்த்த கல்லின் முன் தவம் கிடந்தாலும் உச்சியில் வெயில் படாது.

அதற்குக் கண்ணாடி இருக்கிறது. பீரோவில் இருப்பது போன்ற ஒன்றரை அடிக் கண்ணாடி. ஒருவர் கல்லுக்குக் கறுப்புக் குடையோ ஜமுக்காளமோ பிடித்து நிழல் கட்ட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் பத்தடி தள்ளி வெயிலில் நின்று, கண்ணாடி வெளிச்சத்தைக் கல்லின் முகத்தை ஒட்டினாற்போல் பாய்ச்ச வேண்டும். சாய்வு 10, 15 பாகைக்கு மேல் போகக் கூடாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று குறைந்தது மூன்று படம். ஒரு பக்க வெளிச்சத்தில் படுக்கைக் கோடு துலங்கினால் நெடுக்குக் கோடு மறையும். இந்தக் கற்களில் வரும் பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் வளைவு பாதியாகத் தெரிந்தால் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாகப் படித்துவிடுவோம். இரவில் போக முடிந்தால் டார்ச் ஒன்றே போதும், கண்ணாடிக்காரருக்கு வேலை இல்லை. பிளாஷ் கூடவே கூடாது. ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் ஓரம் வளையாது. அளவுக்கு மரஸ்கேல் ஒன்றைக் கல்லின் ஓரத்தில் வையுங்கள், எழுத்தின் மேல் அல்ல.

முப்பரிமாணப் பதிவும் இப்போது போனிலேயே ஆகும். இதற்கு மட்டும் வெயில் ஆகாது, மேகமூட்டம் வேண்டும். கல்லைச் சுற்றி இரண்டு உயரத்தில் 60 முதல் 100 படம், ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் 70 சதவீதம் இருக்க வேண்டும். ஜூமைத் தொடக் கூடாது. வெளிச்ச அளவைப் பூட்டிவிட வேண்டும். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் இவற்றைக் கோத்துத் தரும், ஆனால் முழு வேலைக்கு என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி கேட்கும். தவறுவது எங்கே? கல்லில் தொங்கும் மாலை காற்றில் ஆடினால் அந்த இடம் கூழாகும். எண்ணெய் ஊற்றிய கல் மினுங்கினால் ஓட்டை விழும். எடுப்பவரின் நிழலே விழுந்தாலும் கெடும். மாலையைப் பூசாரி கையால் எடுக்கச் சொல்லி, முடிந்ததும் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். இது மரியாதைக்காக மட்டுமல்ல; மாலை கட்டிய கயிற்றை யாராவது வேகமாக இழுத்தால் ஏற்கெனவே வெடித்த மேல்முனை கையோடு வந்துவிடும்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸைத் தேய்ப்பது, கோதுமை மாவு பூசுவது, இரண்டும் வேண்டாம். சாக்பீஸ் தூள் நுண்துளையில் தங்கிவிடும், மாவு எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சாக்பீஸால் எழுத்தின்மேல் கோடு இழுப்பவர் கல்லில் இருப்பதை இழுப்பதில்லை, தான் இருப்பதாக நினைப்பதை இழுக்கிறார். பிறகு படத்தைப் பார்க்கிறவர் எல்லோரும் அவர் நினைப்பைத்தான் படிப்பார்கள்.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றிப் பிரதி எடுப்பது, தனிக் கலை. ஒருமுறையாவது கைப்பழக்கம் உள்ளவர் பக்கத்தில் நிற்க, தொல்லியல் துறைக்குத் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டியது. முறை இதுதான்: தூசு தட்டிய கல்லை நீரால் நனைத்து, நனைத்த மேப்லித்தோ தாளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டி, மயிர் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு, தட்டில் ஒற்றி, பிறகு தாளில் ஒற்ற வேண்டும். விளக்குக்கரியும் பிசினும் கலந்த மை. மேடு கறுக்கும், பள்ளத்தில் உள்ள எழுத்து வெள்ளையாக நிற்கும். எல்லாத் தவறும் அந்த 'பாதி காய்ந்ததும்' என்ற இடத்தில்தான். ஈரம் அதிகமிருந்தால் மை பரவிக் கல்லிலும் இறங்கும். ஈரம் குறைந்தால் தாள் ஓரத்தில் எழும்பிக் காற்றில் பறக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தாள் காய ஐந்து நிமிஷம்கூட ஆகாது. காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

படித்ததை உடனே நிருபரிடம் சொல்லிவிடாதீர்கள். பிற்கால வட்டெழுத்தில் ப, வ, ய மூன்றும் ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். புள்ளியும் அனேகமாக இராது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒத்துப்போன எழுத்தை மட்டும் உறுதி என்று வைத்துக்கொள்ளலாம். உதவிக்கு இருப்பது வாசகத்தின் வாய்பாடு. பல்லவர் காலத்துக் கல் என்றால் பெரும்பாலும் 'கோவிசைய' என்று அரசன் பெயரில் தொடங்கும். பிறகு ஆட்சியாண்டு, அந்தப் பகுதித் தலைவன், அவன் சேவகனான வீரன், நடந்த சண்டை. 'தொறுக் கொண்ட ஞான்று பட்டான் கல்' என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை, ஞான்று என்றால் நாள், பட்டான் என்றால் இறந்தான். மந்தையைக் கவர்ந்தபோது இறந்தவனா, மீட்டபோது இறந்தவனா என்பது அங்கே வரும் ஒற்றை வினைச்சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் பெயின்டுக்குள் போனால் திருடனும் காவலனும் ஒன்றாகிவிடுவார்கள்.

எழுத்தில் காலம் சொல்லாத கல்லுக்கு வயது சொல்வது இன்னும் கவனமாக. ஒரே காட்சி, வில்லோடு நிற்கும் வீரன், வட்டெழுத்து என்றால் முற்காலம். மூன்று அடுக்கு, கீழே போர், நடுவில் தேவமாதர் தூக்கிச் செல்வது, மேலே லிங்கத்தின் முன் வீரன் என்றால் பிற்காலம். கன்னட நாட்டுச் சாயல் உள்ள கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் இவை நிறைய. அங்கே கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுத்து வரும் என்பதால், வட்டெழுத்து மட்டும் தெரிந்தவர் போனால் பாதி வேலைதான் நடக்கும். எல்லாக் கல்லையும் 'ஆயிரம் ஆண்டுப் பழமை' என்று எழுதும் பழக்கம் செய்தித்தாளுக்கு இருக்கட்டும்.

சுத்தம் செய்வதில் கை நீளாமல் இருப்பதே பெரிய காரியம். இரண்டு அங்குல மென்மயிர் பிரஷ்ஷால் தூசு தட்டலாம். மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு மெல்லத் துடைக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பி பிரஷ், வண்டி கழுவும் பிரஷர் பம்ப், சோப்புத்தூள், பாத்ரூம் ஆசிட் எதுவும் ஆகாது. நம் ஊர்க் கருங்கல்லில் கறுப்பு அபிரகம் (மைக்கா) கலந்திருக்கும். ஆசிட் பட்டால் அதிலுள்ள இரும்பு கரைந்து, சில வாரத்தில் துருநிறக் கறையாக வெளியே வரும். கல்லில் சாம்பலும் பச்சையுமாகச் செதில் செதிலாகப் படரும் பாசியையும் சுரண்ட வேண்டாம். குருமாவில் போடும் கல்பாசியின் உறவுதான் அது. அதன் இழைகள் கல்லின் துகளுக்கு இடையே இறங்கிப் பிடித்திருக்கும். சுரண்டினால் துகளோடுதான் வரும்.

கல்லடியில் காய்ந்த புல்லையோ குப்பையையோ கொளுத்துவது, எனாமலுக்கு அடுத்த எதிரி. மேல்தோல் மட்டும் சட்டென்று சூடாகி விரியும், உள்ளே குளிர்ந்தபடியே இருக்கும், அப்பளம்போல் ஒரு செதில் பிரிந்து விழும். எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். ஒரு செதிலில் இரண்டு வரி போகும். கற்பூரத் தட்டும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. விளக்குக்கும் கற்பூரத்துக்கும் இரண்டடி முன்னால் ஒரு கல் மாடம் வைத்துவிட்டால் தீர்ந்தது. மஞ்சள், குங்குமம், எண்ணெய்க்கும் இதேபோல் முன்னால் ஒரு சிறு கல்லோ சூலமோ நட்டு, அபிஷேகம் அதற்கு என்று பூசாரி ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். எழுத்து இல்லாத பக்கமாக ஊற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். "எழுத்துல எண்ணெ ஊறுனா சாமி பேரே அழிஞ்சிருங்க" என்று சொன்னால் காது கொடுக்காத பூசாரி குறைவு. பெயின்ட் செலவுக்கு வைத்த காசில் சாமிக்குப் பட்டுத்துண்டு வாங்கலாம், மேடைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று மாற்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும், அதுவும் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால். டப்பா திறந்த பிறகு போனால் சண்டைதான் மிச்சம்.

மேடை கட்டுவது தவிர்க்க முடியாதபோது, கல்லைச் சுற்றி ஆறு அங்குலம் இடம்விட்டு அதில் ஆற்றுக் கூழாங்கல் நிரப்பச் சொல்லுங்கள். சிமென்டும் டைல்ஸும் அதற்கு வெளியே, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவாக. சிமென்ட் நேரே கல்லை ஒட்டினால் அதன் உப்பு ஈரத்தோடு கல்லில் ஏறும், மேடைக்குச் சற்று மேலே ஒரு வரிசை பொரிந்து உதிரும். காலடியில் இருக்கும் மாடும் சிமிழும் கெண்டியும் சிமென்டுக்குள் புதைந்தும் போகும்.

சாய்ந்த கல்லை நிமிர்த்துவதற்கு ஆசைப்பட வேண்டாம். ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், அரையடி கனம் உள்ள கல் 550 கிலோவுக்குக் குறையாது. ஜேசிபி ஒரே முனையில் தூக்கும், பழைய வெடிப்பில் கல் இரண்டாகும். கல்லுக்கு அடியில் ஈமத்தாழி இருக்கவும் கூடும், தோண்டினால் அதுவும் போகும். ரோடு அகலப்படுத்தும்போது நகர்த்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தொல்லியல் துறையினர் முன்னிலையில், செயின் பிளாக்கும் நைலான் பெல்ட்டும் கோணிச் சாக்கும் வைத்து, திசையும் ஆழமும் குறித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. நூறாண்டு கடந்த சிற்பம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் ஆட்சியரிடம் சொல்ல வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் சட்டத்தைவிட ஒரு தாள் அதிகம் பேசும். பதிவுத் தாளின் நகலோடு கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்: இன்ன புல எண்ணில் இன்ன கல் உள்ளது, அதை இடம் மாற்றவோ பூச்சுப் பூசவோ கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு வாய்ப்பு. தீர்மான நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகல் தொல்லியல் துறைக்கு.

அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு சுற்று போதும். ஒன்று போகிக்கு மறுநாள் காலை, சாம்பல் ஆறுவதற்குள். மற்றொன்று ஆடி முடிந்த கையோடு. அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் போனைப் பிடித்து ஒரு படம். போன வருஷப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதிதாக விழுந்த செதிலும் புதிதாக ஏறிய நீலமும் தானே தெரியும்.